பழைய பாணி ஹாட் ராடுக்குப் பின் சஸ்பென்ஷன் பாகங்களை வீட்டிலேயே செய்யலாமா?

உங்களிடம் இருப்பது 1930 மாடல் ஏ ஃபோர்டு சேஸிஸ், அதை ஹாட் ராடாக, அதாவது வேகத்துக்காக மாற்றிக் கட்டிய பழைய காராக, ஆக்கப் பார்க்கிறீர்கள். அதில் பிற்கால 9 இன்ச் ஃபோர்டு ஆக்ஸிலை (9 இன்ச் என்பது உள்ளே இருக்கும் பெரிய பல்சக்கரத்தின் விட்டம்) போடப் போகிறீர்கள். பழைய ரேடியஸ் ராடுகளை (ஆக்ஸில் முன்னும் பின்னும் நகராமல் பிடிக்கும் கம்பிகள்) பிரித்து, இரண்டு பக்கச் சட்டத்திலும் ஒவ்வொன்றாக மாட்டினால் போதுமா என்று கேட்கிறீர்கள். கராஜ், வெல்டிங் மெஷின், பொறுமை மூன்றும் உங்களிடம் இருப்பதாக வைத்துக்கொள்கிறேன்.

செய்யலாம். ஆனால் நீங்கள் சொல்லும் விதத்தில் வேண்டாம். நான் ஒஹாயோவில் என் வீட்டு கராஜில் அப்படித்தான் செய்தேன். நாலே மாதத்தில் பிராக்கெட் வெல்டிங் ஓரத்தில் முடி மாதிரி ஒரு கீறல் விட்டது. நல்ல வேளையாக, ஆயில் மாற்றக் கீழே படுத்தபோது கண்ணில் பட்டது.

காரணம் எனக்கு அப்போது புரியவில்லை, வெல்டிங்கைத்தான் திட்டினேன். அப்புறம்தான் பழைய ஃபோர்டின் அமைப்பை ஒழுங்காகப் பார்த்தேன். மாடல் ஏவில் டிரைவ் ஷாஃப்ட் ஒரு குழாய்க்குள் ஓடுகிறது. இரண்டு ரேடியஸ் ராடுகளும் சக்கரப் பக்கத்திலிருந்து சாய்ந்து வந்து அந்தக் குழாயிலேயே சேர்கின்றன. குழாயின் முன்முனை கியர்பாக்ஸுக்குப் பின்னால் ஒரு உருண்டை மூட்டில் உட்காருகிறது. அதாவது பின்பக்கம் மொத்தமும் ஒரே புள்ளியிலிருந்து ஆடுகிறது. ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினாலும் எதுவும் முறுக்கிக்கொள்ளாது. ஃபோர்டு கார்களில் இந்த அமைப்பு 1948 மாடல் வரை இருந்தது.

ராடுகளின் முன்முனைகளைச் சட்டத்தின் இரண்டு ஓரத்துக்கும் கொண்டுபோனால் கதை மாறிவிடும். ஒரு சக்கரம் ஏறும்போது அந்தப் பக்க ராடு ஆக்ஸில் ஹவுசிங்கை, அதாவது ஆக்ஸில் ஷாஃப்ட்டுகளை மூடியிருக்கும் கூட்டை, சுழற்றப் பார்க்கும், மறுபக்கம் விடாது. ஈரத் துணியைப் பிழிவது போல. ஆனால் இங்கே துணி இருக்கும் இடத்தில் கனமான இரும்புக் குழாய். அது வளைந்துகொடுக்காது, வெல்டிங்தான் கொடுக்கும். முன்பக்கம் எல்லோரும் பிரித்துத்தானே மாட்டுகிறார்கள் என்று கேட்பீர்கள். முன்னால் இருப்பது ஐ வடிவ ஆக்ஸில், அது கொஞ்சம் முறுக்கிக்கொடுக்கும்.

இன்னொன்று. டிரைவ் ஷாஃப்டை மூடியிருக்கும் அந்தக் குழாயை எடுத்துவிட்டால், ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது ஹவுசிங் சுழலப் பார்க்கும் விசை முழுவதும் ராடுகள் தலையில் விழும். பழைய ராடுகள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. “1950களில் பசங்க அப்படித்தான் ஓட்டினார்கள்” என்று யாராவது கீழே வந்து எழுதுவார்கள், தெரியும். ஓட்டினார்கள். எத்தனை பேர் உடைத்தார்கள் என்று யாரும் போட்டோ எடுத்து வைக்கவில்லை.

நான் மறுபடி செய்தது இதுதான். 1¼ இன்ச் விட்டம், 3/16 இன்ச் கனமுள்ள குழாயில் ஏணி மாதிரி இரண்டு ராடுகள். ஒவ்வொன்றும் ஹவுசிங்கில் மேலும் கீழுமாக இரண்டு இடத்தில் பிடிக்கும். முன்முனைகள் இரண்டையும் வண்டியின் நடுவுக்குக் கொண்டுவந்து, யூனிவர்சல் ஜாயின்ட் (டிரைவ் ஷாஃப்ட் கோணம் மாறினாலும் சுழல விடும் மூட்டு) பக்கத்தில் ஒரு குறுக்குச் சட்டத்தில் ரப்பர் புஷ் வைத்து அருகருகே மாட்டினேன். குறுக்கு லீஃப் ஸ்பிரிங்கை (ஊரில் லாரிப் பட்டறையில் கமான் பட்டை என்பார்களே, அதேதான்) மாற்றவில்லை. ஷேக்கிளில், அதாவது முனையில் ஆடும் சிறு இணைப்பில், தொங்கும் ஸ்பிரிங் பக்கவாட்டில் ஆடும் என்பதால், அதைத் தடுக்கும் குறுக்குக் கம்பியான பனார்டு ராடு ஒன்றும் போட்டேன். மடி ஆசாரம் பார்க்கும் ஹாட் ராட்காரர்களுக்கு அது பிடிக்காது. பரவாயில்லை, வளைவில் நான்தானே உட்கார்ந்திருக்கிறேன்.

பினியன் (டிரைவ் ஷாஃப்ட் வந்து சேரும், ஆக்ஸிலுக்குள் இருக்கும் சிறு பல்சக்கரம்) கோணத்தை வண்டி தன் முழு எடையோடு சக்கரத்தில் நிற்கும்போது மட்டும் அளந்து பாருங்கள். கியர்பாக்ஸ் ஷாஃப்டும் பினியனும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். நான் முதல் தடவை இன்ஜின் ஏற்றாமலே டேக் (தற்காலிகமாகப் பிடித்துவைக்கும் சிறு வெல்டிங்) வைத்துவிட்டு, பிறகு எல்லாவற்றையும் கிரைண்டரில் வெட்டி எடுத்தேன்.

அந்தக் கிரைண்டர் சத்தத்துக்குத்தான் எங்கள் குடியிருப்போர் சங்கம் கடிதம் அனுப்பியது. சனிக்கிழமை மதியம் மூன்று மணி! காலை ஏழு மணிக்கு இலை ஊதும் மெஷினோடு தெருவையே எழுப்புகிறவருக்குக் கடிதம் போகாது, அவர் சங்கப் பொருளாளர். டிரைவ்வேயில் ஆக்ஸில் கிடந்ததற்குத் தனியாக 50 டாலர் அபராதம். சரி, விடுங்கள்.

ஹவுசிங்கில் பிராக்கெட் வெல்ட் செய்யும்போது அவசரப்படாதீர்கள். குழாய் வெல்டிங் விழுந்த பக்கமாக வளையும். எனக்கு ஆக்ஸில் ஷாஃப்ட் உள்ளே போக மறுத்தது. ஒரு மெஷின் ஷாப்பில் 180 டாலர் கொடுத்து நேராக்கினேன். ஒரு இன்ச் வையுங்கள், எதிர்ப்பக்கம் போங்கள், கை வைக்கும் அளவுக்கு ஆறவிடுங்கள். உள்ளே நேர்பார்க்கும் கம்பி ஒன்றை வாடகைக்காவது வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள்.

நான் இன்ஜினியர்தான், ஆனால் சாஃப்ட்வேர். அதனால் டேக் மட்டும் நான் வைத்தேன், கடைசி வெல்டிங்கைத் தெருமுனையில் இருக்கும் ஓய்வுபெற்ற வெல்டர் ஒருவர் செய்தார். கூலியாக எலுமிச்சை ஊறுகாய் கேட்டார், இதுவரை நாலு பாட்டில் போயிருக்கிறது. கீறல் விட்ட பழைய பிராக்கெட் இன்னும் அலமாரியில் இருக்கிறது. படம் வேண்டுமென்றால் கமென்ட்டில் கேளுங்கள், போடுகிறேன்.