கழுத்துக் கறுப்பும் காலைச் சாப்பாடும்

கேள்வி: என் மகனுக்கு 13 வயது. திருகோணமலை நகரப் பாடசாலை ஒன்றில் தரம் 8 இல் படிக்கிறான். உயரம் 152 சென்ரிமீற்றர், நிறை 58 கிலோ. காலையில் பால்தேநீர் மட்டும் குடித்துவிட்டுப் போவான். இடைவேளையில் ரோல்ஸ், ரியூசனுக்குப் போகும் வழியில் சோடா, இரவு ஒன்பது மணிக்குமேல் வயிறு முட்டச் சாப்பாடு. கழுத்தைச் சுற்றிக் கறுத்திருக்கிறது, தேய்த்தாலும் போகவில்லை. தைரொயிட் குறைபாடாக இருக்குமா? இரவுச் சாப்பாட்டை நிறுத்தலாமா? 12 வயது மகளும் இதே சாப்பாடுதான். 145 சென்ரிமீற்றர், 31 கிலோ. மெல்லிய உடம்பு என்பதால் அவளைப் பற்றிக் கவலையில்லை. – ஒரு தாய், உவர்மலை

பதில்: முதலில் அந்தக் கழுத்தைத் தேய்ப்பதை நிறுத்திவிடுங்கள். அது அழுக்கன்று; தும்பும் சவர்க்காரமும் போட்டுத் தேய்த்தால் தோல் மேலும் தடித்துக் கறுக்கும். பின்கழுத்தும் அக்குளும் வெல்வெட் துணியைப் போலத் தடித்துக் கறுத்திருந்தால், உடல் இன்சுலினுக்குச் சரிவர இணங்காமையால் கணையம் அதை வழமையைவிடக் கூடுதலாகச் சுரந்துகொண்டிருக்கிறது என்று பெரும்பாலும் பொருள். இது நீரிழிவு வந்துவிட்டதற்கான அறிகுறியன்று. ஆனால் அந்தத் திசையில் உடல் நகரத் தொடங்கியிருக்கலாம் என்பதால் வெறுவயிற்றில் இரத்தச் சீனி, கொழுப்பு, ஈரல் பரிசோதனைகளையும் இரத்த அழுத்தத்தையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். நிறை கட்டுக்குள் வரும்போது அந்தக் கறுப்பும் மெல்ல மங்கும்.

மகனின் உடற்திணிவுச் சுட்டி (BMI: கிலோவிலுள்ள நிறையை மீற்றரிலுள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண்) ஏறத்தாழ 25. பெரியவர் ஒருவருக்கு இந்த எண்ணைக் கண்டால் நான் பெரிதாக அலட்டிக்கொள்ள மாட்டேன். ஆனால் வளரும் பிள்ளைகளுக்கு எல்லைகள் வயதுக்கேற்ப மாறும். உலக சுகாதார நிறுவனம் 2007 இல் வெளியிட்ட வளர்ச்சி அட்டவணையின்படி, 13 வயதுச் சிறுவனுக்கு 20.8 ஐத் தாண்டினால் மிகை நிறை, 24.8 ஐத் தாண்டினால் உடற்பருமன். உங்கள் மகன் இரண்டாவது எல்லையைச் சற்றே கடந்திருக்கிறான்.

தைரொயிட் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நிறை கூடிய பிள்ளைகளின் பெற்றோரில் பலர் முதலில் கேட்பது இதைத்தான். ஹோர்மோன் குறைபாட்டால் பருமனாகும் பிள்ளைகளின் உயரம் பெரும்பாலும் வளராமல் நின்றுவிடும். 152 சென்ரிமீற்றர் 13 வயதுக்கு இயல்பான உயரமே. ஆகையால், கடந்த ஓராண்டில் உயரம் நன்றாகக் கூடியிருந்தால், காரணத்தைத் தைரொயிட் சுரப்பியில் தேட வேண்டிய தேவை பெரும்பாலும் இராது.

அவனுடைய நாளைப் பாருங்கள். ஏழரைக்குத் தொடங்கும் பாடசாலைக்கு வெறுவயிற்றில் போகும் பிள்ளைக்கு இடைவேளையில் ரோல்ஸைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது. ஒன்றரைக்குப் பாடசாலை விட்டதும் ரியூசனுக்கு ஓடும் அவசரத்தில் மத்தியானச் சோறும் அரைகுறையாகிவிடுகிறது. பிறகு பசியைச் சோடா அடக்குகிறது. நாள் முழுவதும் வயிற்றுக்குக் கொடுக்காத கடனை இரவு ஒன்பது மணிக்கு ஒரேயடியாக அடைத்துவிட்டு, அப்படியே படுக்கப் போகிறான். இரவுச் சாப்பாட்டை நிறுத்தினால் மறுநாள் பசி இன்னும் மூர்க்கமாகும். ஒளித்துச் சாப்பிடும் பழக்கமும் வந்துவிடும். அதை நிறுத்த வேண்டாம். நேரத்தை முன்னுக்குக் கொண்டுவந்து அளவைக் குறையுங்கள்.

மாற்றத்தைக் காலையிலிருந்து தொடங்குங்கள். நான்கு இடியப்பமும் பருப்பும் ஒரு முட்டையும், அதற்கும் நேரமில்லையென்றால் முதல்நாள் இரவே ஊறவைத்து அவித்த கடலையோ கௌபியோ தேங்காய்ப்பூவுடன், போதும். ரியூசனுக்கு முன் உண்ண அவித்த பயறோ ஒரு கை கச்சானோ வாழைப்பழமோ பையில் இருக்கட்டும். சோடாவைப் பொறுத்தவரை, 2016 முதல் நம் நாட்டில் இனிப்புப் பானங்களின் போத்தலில் நிற அடையாளம் இடப்படுகிறது: 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 கிராம் வரை செம்மஞ்சள், அதற்கும் குறைந்தால் பச்சை. செம்மஞ்சளைப் பார்த்து நிம்மதியடைகிறவர்கள் ஏராளம். அந்த நிறத்தில் 8 கிராம் சீனியுள்ள 400 மில்லிலீற்றர் போத்தல் ஒன்றைக் குடித்தால் 32 கிராம் சீனி உள்ளே போகிறது. அது ஆறு தேக்கரண்டிக்கும் மேல். வீட்டுப் பால்தேநீரில் போடும் சீனியையும் இதனோடு கூட்டிப் பாருங்கள்.

மகன் நிறையைக் குறைத்தே ஆகவேண்டும் என்று முதல் நாளே நெருக்காதீர்கள். 58 கிலோவில் நிறை நின்று, அடுத்த ஓராண்டில் உயரம் 6 சென்ரிமீற்றர் கூடினாலே சுட்டி 23 அளவுக்கு இறங்கி, உடற்பருமன் எல்லையிலிருந்து அவன் வெளியே வந்துவிடுவான். வளரும் வயதில் மட்டும் கிடைக்கும் இந்தச் சலுகையை விட்டுவிடக் கூடாது. நாளொன்றுக்கு ஒரு மணி நேரமாவது மூச்சு வாங்க ஓடி விளையாட வேண்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் வெயில் தாழ்ந்தபின் கடற்கரைக்கு அனுப்பலாம். அதற்காக ஒரு ரியூசன் வகுப்பைக் கைவிட நேர்ந்தால், வைத்தியனாக என் வாக்கு கடற்கரைக்குத்தான். மெலிய வைக்கும் தூள், தேயிலை எதையும் வாங்க வேண்டாம். ‘குண்டன்’ என்ற அழைப்பும் வீட்டில் ஒலிக்க வேண்டாம்.

மகளைப் பற்றிக் கவலையில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அவளைப் பற்றித்தான் கூடுதலாகக் கேட்க வேண்டியிருக்கிறது. அவளுடைய சுட்டி 14.7. 12 வயதுச் சிறுமிக்கு மெலிவின் எல்லை 14.4 என்பதால், ஒரு கிலோ குறைந்தாலும் அவள் அந்தக் கோட்டைத் தாண்டிக் கீழே போய்விடுவாள். பெரியபிள்ளையாகிவிட்டாளா? படியேறினால் களைக்கிறதா? வெளிச்சத்தில் நிறுத்திக் கீழ்க்கண்ணிமையை மெல்ல இழுத்துப் பாருங்கள். உள்ளே சிவப்பு மறைந்து வெளிறியிருந்தால் இரத்தச்சோகையாக இருக்கலாம். இந்த வயதில் 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறையக் கூடாது. இமை சிவந்திருந்தாலும் இரத்தத்தைச் சோதிப்பதே உறுதி. மாதவிடாய் தொடங்கியிருந்தால் இரும்புச்சத்துத் தேவை ஏறும். சோற்றோடு குடிக்கும் பிளேன்டீ அந்தச் சத்து உடலில் சேருவதைத் தடுக்கும். சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் இடையில் ஒரு மணி நேரமாவது விடுங்கள். நெத்தலியும் சூடையும் நம் சந்தையில் கிடைக்கும் மீன்கள்தானே. அவற்றோடு முருங்கையிலையோ பொன்னாங்காணியோ சமைத்து, மேலே தேசிக்காய்ப் புளி விட்டுக் கொடுங்கள். பாடசாலையில் இரும்புச்சத்து மாத்திரை தந்தால் அதை வீசிவிடாமல் விழுங்கச் சொல்லுங்கள். இரத்தச்சோகை பருமனான பிள்ளைக்கும் வரும் என்பதால், மகனுக்கும் இதே பரிசோதனையைச் செய்துவிடுவது நல்லது.

உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ, மாவட்டப் பொது வைத்தியசாலையின் சிறுவர் கிளினிக்கிலோ இருவரையும் ஒரே நாளில் காட்டுங்கள். பிள்ளைகளின் சுகாதார வளர்ச்சிப் பதிவேடுகள் வீட்டில் இருந்தால் அவற்றையும், பாடசாலை மருத்துவப் பரிசோதனையில் எழுதிய பழைய உயரம், நிறைக் குறிப்புகளையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.