வால்பரேசோவுக்கு மகளை அனுப்பலாமா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் ஆம்பூர் கன்கார்டியா பள்ளியில் படித்தவன். இங்கேயே ஒரு தோல் தொழிற்சாலையில் கணக்கராக இருக்கிறேன். மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டாள். அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்திலுள்ள வால்பரேசோ பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியலுக்கு இடமும், கட்டணத்தில் பெரும் பகுதிக்கு உதவித்தொகையும் கிடைத்திருக்கின்றன. உறவினர்களில் ஒருவர்கூட அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதில்லை. “மூவாயிரம் பேர்கூட இல்லாத இடம் ஒரு பல்கலைக்கழகமா?” என்கிறார்கள். லுத்தரன் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் நிறுவனம் என்பதால் பேத்தியை மதம் மாற்றிவிடுவார்களோ என்று என் அம்மா அஞ்சுகிறார். நாங்கள் இந்துக்கள். நீங்கள் அங்கே சென்று வந்ததாக முன்பு எழுதியிருந்தீர்கள். அங்கே படிப்பும் வாழ்க்கையும் எப்படி இருக்கும்?

எஸ்., ஆம்பூர்

அன்புள்ள எஸ்.,

முதலில் உங்கள் அம்மாவுக்குப் பதில். அவருக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். கிருஷ்ணகிரியில் 1895இல் பணி தொடங்கி, பிறகு ஆம்பூருக்கு வந்து நீங்கள் படித்த பள்ளியை ஏற்படுத்தியவர்கள் அமெரிக்காவின் மிசௌரி லுத்தரன் திருச்சபையின் மிஷனரிகள். வால்பரேசோவை 1925இல் வாங்கிய லுத்தரன் சங்கத்தாரும் அதே திருச்சபையைச் சார்ந்தவர்கள்தான். கன்கார்டியாவில் வேதபாட வகுப்பில் உட்கார்ந்துவிட்டு, மாலையில் வீட்டுக்கு வந்து கார்த்திகை விளக்கு ஏற்றியவர் நீங்கள். உங்கள் அம்மா அப்போது பயப்படவில்லை அல்லவா?

வால்பரேசோவில் அந்த அளவுக்குக்கூட நெருக்கடி கிடையாது. அது எந்தத் திருச்சபையின் நிர்வாகத்திலும் இல்லாத, தனித்து இயங்கும் பல்கலைக்கழகம். வளாகத்தின் நடுவில் 1959இல் திறக்கப்பட்ட உயிர்த்தெழுதல் ஆலயம் நிற்கிறது. கல்வி வளாக ஆலயங்களில் உலகிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்று அது. வாரநாட்களில் காலை வழிபாடு உண்டு. விருப்பம் இருப்பவர்கள் போகலாம், கட்டாயம் இல்லை. பொதுப் பாடத்திட்டத்தில் இறையியலும் இருக்கிறது. ஆனால் அங்கே சோதிப்பது மாணவரின் நம்பிக்கையை அல்ல, அவர் வாசித்ததையும் வாதிட்டதையும்தான். அவர்களுடைய விளையாட்டு அணிகளுக்கு நெடுங்காலமாகச் ‘சிலுவைப் போர்வீரர்கள்’ என்ற பெயர் இருந்தது. வெறுப்பைப் பரப்பும் கும்பல்கள் அந்த அடையாளத்தைக் கையில் எடுத்ததைக் கண்டு 2021இல் அதைக் கைவிட்டு, ‘கலங்கரை விளக்கங்கள்’ என்ற பொருளில் பீக்கன்ஸ் என்று மாற்றிக்கொண்டார்கள். பழைய மாணவர்கள் பலருக்கு வருத்தம்தான். இருந்தும் செய்தார்கள். இதில் எனக்கு மரியாதை உண்டு.

சிகாகோவில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தபோதுதான் அங்கே போனேன். ஊர் அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலான தூரம். மிச்சிகன் ஏரி அருகில் இருப்பதால் குளிர்காலத்தில் பனி கொட்டித் தீர்க்கும். மகளுக்கு நல்ல காலணியும் மேலங்கியும் அங்கே போய் வாங்கிக் கொடுங்கள், இங்கிருந்து வாங்கிப் போவது பயன்படாது.

பெயர் தெரியாத இடம் என்கிறார்கள் உங்கள் உறவினர்கள். 1859இல் மெதடிஸ்ட் சபையார் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான கல்லூரியாக அதைத் தொடங்கினார்கள். பணமில்லாமல் 1871இல் மூடப்பட்டது. 1873இல் ஹென்றி பேக்கர் பிரவுன் என்ற ஆசிரியர் அதை மீண்டும் திறந்து, மிகக் குறைந்த செலவில் படிக்கவும் தங்கவும் வழி செய்தார். நாடெங்கிலுமிருந்து ஏழை மாணவர்கள் வந்து குவிந்தார்கள். ‘ஏழைகளின் ஹார்வர்டு’ என்று பெயர் வாங்கியது. முதல் உலகப் போருக்குப் பின் மறுபடியும் கடனில் மூழ்கியது. 1923இல் அதை விலைக்கு வாங்க முன்வந்தது யார் தெரியுமா? கூ கிளக்ஸ் கிளான். நிறவெறியும் கத்தோலிக்க, யூத வெறுப்பும் கொண்ட அந்த அமைப்பு அப்போது இந்தியானாவில் பெரும் செல்வாக்கோடு இருந்தது. அவர்களால் பணம் திரட்ட முடியவில்லை, பேரம் முறிந்தது. இரண்டு ஆண்டுகளில் லுத்தரன்கள் வாங்கினார்கள். அந்தப் பேரம் படிந்திருந்தால் உங்கள் மகள் போன்ற ஒருவருக்கு அங்கே இடமே இருந்திருக்காது என்ற எண்ணம் அந்த வளாகத்தில் நடந்தபோது என்னை விடவில்லை.

சிறிய இடம் என்பதற்கு வருகிறேன். பேராசிரியருக்கு உங்கள் மகளின் பெயர் தெரியும், இரண்டு நாள் வகுப்புக்கு வராவிட்டால் யாராவது கேட்பார்கள் என்பதெல்லாம் உண்மை. இதை எல்லாச் சிறு கல்லூரிகளும் தங்கள் விளம்பரத்தாளில் அச்சிடுகின்றன. நான் மதிப்பது வேறொன்றை. அங்கே மாணவர்களை நம்பிப் பொறுப்பை ஒப்படைக்கிறார்கள்.

தேர்வைப் பாருங்கள். மேற்பார்வையாளர் அறைக்குள் உலவுவதில்லை. மாணவர் ஒவ்வொரு விடைத்தாளிலும் கட்டுரையிலும் ஓர் உறுதிமொழி எழுதிக் கையொப்பமிடுகிறார்: முறையற்ற உதவியைத் தான் பெறவில்லை, பிறருக்கு அளிக்கவில்லை, பிறர் பெறுவதைப் பொறுத்துக்கொள்ளவும் இல்லை. 1940களிலிருந்து இது நடைமுறையில் இருக்கிறது. மீறல் நடந்தால் விசாரிப்பது மாணவர்களே அமைந்த மன்றம். அந்த மூன்றாவது வரி எளிதல்ல. பக்கத்து நாற்காலித் தோழி காப்பியடிப்பதைக் கண்டும் பேசாமல் இருந்துவிட்டு அந்த வரியில் கையொப்பமிட முடியாது. காட்டிக்கொடுப்பது என்று நாம் இங்கே சின்ன வயதிலிருந்தே முகம் சுளிக்கப் பழகியிருக்கிறோம். உங்கள் மகளுக்கும் முதல் பருவத்தில் அது உறுத்தும். அந்த உறுத்தலோடு அவள் நான்கு ஆண்டுகள் வாழட்டும், நல்லதுதான்.

பொறியியல் துறையின் கதை அவளுக்கு நேரடியாக உறவுடையது. இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில் அங்கே பொறியியலை முழுமையாகப் படிக்க வழியில்லை. இரண்டு ஆண்டுகள் படித்துவிட்டு மீதிக்கு வேறு பல்கலைக்கழகத்தை நாட வேண்டும். நான்காண்டுப் படிப்பு வேண்டுமானால் ஆய்வகக் கட்டடம் வேண்டும், நிர்வாகத்திடம் பணம் இல்லை. 1940களின் இறுதியில் மாணவர்களே இறங்கினார்கள். நிதி திரட்டினார்கள், கட்டுமான வேலையிலும் தாங்களே உழைத்தார்கள். அந்தக் கட்டடத்தில்தான் பட்டப்படிப்பு வேரூன்றியது. தரவரிசைப் பட்டியல் எதிலும் இது வராது.

கிறைஸ்ட் காலேஜ் என்ற சிறப்புக் கல்லூரியும் உள்ளே உண்டு, 1967இல் தொடங்கியது. அதில் சேரும் முதலாண்டு மாணவர்கள் ஒன்றுகூடி, தாங்களே எழுதி, பாட்டுப் போட்டு, ஒரு புதிய இசை நாடகத்தை மேடையேற்றுவார்கள். பொறியியல் மாணவர்களும் சேரலாம். அழைப்பு வந்தால் தயங்க வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள்.

இனி, என்னை உண்மையாகவே கவலைப்படுத்துவது பணம்.

அந்தப் பல்கலைக்கழகத்தின் மாணவர் எண்ணிக்கை சில ஆண்டுகளாகவே சரிந்துவருகிறது. 1879இல் தொடங்கிய சட்டக் கல்லூரி 2020இல் மூடப்பட்டது. 2023இல், முதலாண்டு விடுதிகளைப் புதுப்பிக்கப் பணம் வேண்டும் என்று, தங்கள் அருங்காட்சியகத்தின் மூன்று முக்கிய ஓவியங்களை விற்கப்போவதாக அறிவித்தார்கள். அவற்றில் ஒன்று ஜார்ஜியா ஓ'கீஃப் வரைந்த செம்மண் குன்றுகள். அருங்காட்சியகமே யாருடைய பெயரைத் தாங்கியிருக்கிறதோ அந்த ரிச்சர்ட் பிரவர் எதிர்த்தார், ஆசிரியர்கள் பலரும் எதிர்த்தார்கள். மாணவர் தூங்க நல்ல அறை வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் கற்பிப்பதற்காகச் சேர்த்துவைத்ததை விற்றுக் கட்டடத்தைச் சரிசெய்வது தவறு என்றே நினைக்கிறேன். ஓர் ஓவியத்தின் முன் மாணவர் தனியாக நிற்கக் கிடைக்கும் நேரமும் படிப்புதான்.

ஆகவே சம்மதம் சொல்லும் முன் சிலவற்றை எழுத்தில் வாங்குங்கள். உதவித்தொகை நான்கு ஆண்டுக்குமா, ஓராண்டுக்கா? அதைத் தக்கவைக்க மதிப்பெண் சராசரி எவ்வளவு வேண்டும்? ஆண்டுதோறும் கட்டணம் உயரும்போது உதவித்தொகையும் உயருமா? அமெரிக்கத் தனியார் கல்லூரிகள் பெரிய தொகையைச் சொல்லிவிட்டு அதில் தள்ளுபடி தருவது வழக்கம். எனவே உதவித்தொகையின் அளவைப் பார்த்து மலைக்காதீர்கள், விடுதி, உணவு, காப்பீடு சேர்த்துக் கையிலிருந்து போகும் தொகையைக் கணக்கிடுங்கள். உங்கள் தொழிலே அதுதானே. மாணவர் விசாவில் இருப்பவர் வகுப்புகள் நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம் வரை வளாகத்துக்குள் வேலை செய்யலாம். அதைக் கைச்செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள், கட்டணத்துக்கு நம்ப வேண்டாம். துறையில் எத்தனை ஆசிரியர்கள் நிரந்தரமாக இருக்கிறார்கள், பாடப்பிரிவு எதையும் மூடும் திட்டம் உண்டா என்பதையும் கேளுங்கள்.

கேட்பது உங்கள் மகளாக இருக்கட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள். மூன்றாம் ஆண்டு மாணவி ஒருவரோடு காணொளியில் பேச ஏற்பாடு செய்யச் சொன்னால் செய்து தருவார்கள். பதில்கள் தெளிவாக வந்தால் அனுப்புங்கள், நான் ஆதரிக்கிறேன். மழுப்பினால் இன்னோர் ஆண்டு காத்திருங்கள். அவர்கள் அனுப்பும் கட்டண விவரத்தை எனக்கு மின்னஞ்சலில் அனுப்பினால், நானும் ஒருமுறை பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்.