எங்க பாட்டிய பாத்துக்க ஏஜென்சி மூலமா ஒரு அக்கா வீட்டோட தங்கி இருக்காங்க. தீபாவளிக்கு புடவை எடுத்துக் குடுத்தா போதுமா, சம்பளம் தவிர வேற என்ன செய்யணும்?

புடவை, ஸ்வீட் பாக்ஸ் எல்லாம் குடுங்க, வேணாம்னு சொல்லல. ஆனா உங்க கேள்விய படிச்சதும் எனக்கு முதல்ல கேக்கத் தோணுனது வேற. அந்த அக்கா ராத்திரி எத்தன மணி நேரம் தூங்குறாங்கன்னு உங்க வீட்ல யாருக்காவது தெரியுமா?

எங்களுக்கு ரொம்ப நாள் தெரியாது. அப்பாவுக்கு பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுசா போயிடுச்சு, பத்தொம்பது மாசம் படுக்கைல இருந்தாரு, அதுல பதினேழு மாசம் விழுப்புரம் பக்கத்துல இருந்து வந்த ஒரு அக்காதான் பாத்துக்கிட்டாங்க. ஏஜென்சில "24 மணி நேர டியூட்டி சார்"னு சொல்லித்தான் அனுப்புனாங்க, நாங்களும் சரின்னு அட்வான்ஸ் கட்டிட்டோம், 24 மணி நேரம்னா ஒரு மனுஷிக்கு அது என்னன்னு அம்மாவும் யோசிக்கல நானும் யோசிக்கல. அப்புறம் ஒரு தடவ யூரின் சரியா போகலைன்னு டாக்டர் ஒரு வாரத்துக்கு எத்தன மணிக்கு எவ்ளோ போறாருன்னு எழுதிட்டு வரச் சொன்னாரு. அக்காதான் எழுதுனாங்க, என் பையனோட பழைய ரூல்டு நோட்டுல. க்ளினிக் வெளிய டோக்கனுக்கு காத்துக்கிட்டு அத புரட்டுறேன், ராத்திரி 11.40 - 150 எம்எல். 1.15 - 100. 2.50 - ஈரம், பெட்ஷீட் மாத்துனது. 4.10 - திருப்பிப் போட்டது. 5.30 - பால். மறுநாளும் அப்டித்தான், அதுக்கு மறுநாளும் அப்டித்தான். எம்எல் கணக்க பாக்க வேண்டிய நான் மணிக் கணக்கத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். அந்த வாரம் பூரா அவங்க சேந்தாப்ல ரெண்டு மணி நேரம் கூட தூங்கல. டாக்டர் எழுதச் சொன்னதால அந்த ஒரு வாரம் எங்களுக்குத் தெரிஞ்சுது, அதுக்கு முன்னாடி ஏழு மாசம் எப்டி போச்சோ.

படுக்கையா இருக்கறவங்கள ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ திருப்பிப் போடணும், ஏர் பெட் போட்டாலும் திருப்பணும், இல்லன்னா படுக்கைப் புண் வந்துரும்னு டாக்டர் நர்ஸ் எல்லாரும் சொல்லுவாங்க. சரி, திருப்பறவங்க எப்ப தூங்குவாங்க? எங்க கிட்ட அத யாரும் சொல்லல, நாங்களும் கேக்கல.

அன்னிக்கு சாயங்காலமே வீட்ல உக்காந்து பேசி மாத்துனோம். வெள்ளி சனி ராத்திரி நான். மத்த நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு அப்பாவ திருப்பிப் போடறது நான், அலாரம் வச்சு எந்திரிப்பேன். மதியம் ஒரு மணில இருந்து நாலு வரைக்கும் அம்மா அப்பா பக்கத்துல உக்காருவாங்க, அக்கா உள் ரூம்ல கதவ சாத்திட்டு தூங்கணும். முதல் மூணு நாள் அவங்களால தூங்கவே முடியல, அரை மணிக்கு ஒரு தடவ "அய்யா கூப்ட்ட மாதிரி இருந்துச்சு தம்பி"ன்னு எந்திரிச்சு வந்துருவாங்க. அது பழக நாளாச்சு. ஞாயித்துக்கிழம முழு லீவு, அதுக்கு சம்பளம் பிடிக்கக் கூடாதுன்னு ஏஜென்சி கிட்ட நானே பேசுனேன், ஏன்னா அவங்க பேசுனா "இஷ்டமில்லன்னா சொல்லுங்க வேற ஆள் போடுறோம்"னு ஒரே பதில்தான் வரும், நாம காசு கட்டுறவங்க, நம்ம பேச்ச கேப்பாங்க. இத நீங்க கண்டிப்பா செய்யணும். 2011ல ஐஎல்ஓ, அதாவது சர்வதேச தொழிலாளர் அமைப்பு, போட்ட 189ஆம் நம்பர் உடன்படிக்கை, வீட்டு வேலைக்காரங்களுக்குன்னே போட்டது, வாரத்துக்கு தொடர்ந்து 24 மணி நேரமாவது ஓய்வு குடுக்கணும்னு சொல்லுது. இந்தியா இன்னும் அத ஏத்துக்கல. அதுக்காக நம்ம வீட்ல நாம குடுக்கறத யாரும் தடுக்கப் போறதில்லையே.

பணம் பத்தி. நாங்க ஏஜென்சிக்கு மாசம் 27,000 கட்டுனோம், அக்கா கைக்கு 17,000 போகுதுன்னு எனக்கு நாலாவது மாசம்தான் தெரியும், அதுவும் நானா கேட்டதால. மீதிக்கு என்னன்னு போன் பண்ணி கேட்டேன், பிஎஃப் இருக்கா, இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) இருக்கான்னு கேட்டேன். பத்து பேர் வேல பாக்குற கம்பெனின்னாலே, சம்பளம் 21,000 வரைக்கும் இருக்கறவங்களுக்கு இஎஸ்ஐ போடணும், இவங்க எழுபது எண்பது பேர அனுப்புறாங்க. பதில் என்ன தெரியுமா, "அவங்க எங்க ஸ்டாஃப் இல்ல சார், நாங்க அரேஞ்ச் பண்ணி விடுறோம் அவ்ளோதான்." அப்ப அவங்க யாரோட ஸ்டாஃப்? நாங்க ஏஜென்சி ஆளுன்னு நினைச்சுக்கிட்டு இருக்கோம், ஏஜென்சி உங்க வீட்டு ஆளுன்னு சொல்றாங்க, நடுவுல அந்தம்மாவுக்கு முதுகு பிடிச்சுக்கிட்டா யாரு பாக்குறது?

இது நம்ம ஊர்ல மட்டும் இல்ல. அமெரிக்கால ஈவ்லின் கோக்னு ஒரு அம்மா, நியூயார்க்ல வீடு வீடா போய் வயசானவங்கள பாத்துக்கிட்டவங்க, பல வாரம் 70 மணி நேரம் வேல பாத்தும் ஓவர்டைம் கிடையாது. ஏன்னா 1974ல சட்டத்த திருத்தும்போது இந்த வேலைய "துணைக்கு இருக்கறது"ன்னு வகைப்படுத்தி குறைந்தபட்ச ஊதியம், ஓவர்டைம் ரெண்டுலருந்தும் விலக்கிட்டாங்க. கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு, 2007ல ஒன்பது நீதிபதிகளும் ஒரே மாதிரி அந்தம்மாவுக்கு எதிரா தீர்ப்பு சொன்னாங்க, 2009ல அவங்க இறந்துட்டாங்க. ஏஜென்சி ஆளுங்களுக்கு அந்த விலக்கு கிடையாதுன்னு விதிய மாத்துனது 2013ல, நடைமுறைக்கு வந்தது 2015ல. 2025ல அத மறுபடி பழையபடி ஆக்கலாம்னு அங்க தொழிலாளர் துறையே முன்மொழிஞ்சுது. நம்ம தமிழ்நாடு அரசோட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கு வந்து பிபி சுகர் பாத்து மாத்திரை குடுக்குற பெண்களுக்கு வர்றதுக்கும் பேரு ஊக்கத்தொகை, சம்பளம் கிடையாது. இந்த பேர் வைக்கற விஷயம் எனக்கு ஆத்தாம இருக்கு, வேலைக்கு வேற பேர் வச்சுட்டா கூலி கொறஞ்சுருது.

அந்த திட்டம் 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்சது, உங்க பாட்டிக்கும் அதுல பதிஞ்சு வைங்க, பிசியோ, வலி நிவாரண நர்ஸ் ரெண்டு பேரும் வீட்டுக்கு வருவாங்க. வரும்போது பாட்டிய மட்டும் பாத்துட்டு போக விடாதீங்க, அக்காவுக்கு சொல்லிக் குடுக்கச் சொல்லுங்க. எங்க வீட்டுக்கு வந்த பிசியோ தம்பிதான் காட்டுனாரு, ரெண்டா மடிச்ச பெட்ஷீட்ட அப்பா இடுப்புக்கு அடில போட்டு, ஆளுக்கு ஒரு பக்கம் சுருட்டிப் பிடிச்சு, முட்டிய மடக்கி ஒரே சமயத்துல மேல இழுக்கணும். அதுவரைக்கும் அக்கா ஒத்த ஆளா 74 கிலோ மனுஷன அக்குள்ல கை குடுத்து இழுத்துக்கிட்டு இருந்தாங்க, தினமும் ஆறேழு தடவ. ராத்திரி அயோடெக்ஸ் வாசனை வரும், அது அப்பாவுக்குத் தேய்க்கறதுன்னு நினைச்சேன்.

அப்புறம் ஊசி. உங்க பாட்டிக்கு இன்சுலின் போடுறீங்கன்னா, போட்ட ஊசிக்கு திரும்ப மூடி போட வேணாம்னு சொல்லுங்க, கெட்டி பிளாஸ்டிக் டப்பா ஒண்ணு வச்சு அதுல நேரா போட்டுரணும். எங்க அக்காவுக்கு மூடி போடும்போதுதான் விரல்ல குத்துச்சு. ரத்தம் வழியா பரவுற ஹெபடைட்டிஸ் பிக்கு தடுப்பூசி போட்டிருக்காங்களான்னு கேட்டா, ஆறு வருஷமா இந்த வேல பாக்கறவங்களுக்கு ஒருத்தரும் போடல. மூணு டோஸ், முதல் ஊசி, ஒரு மாசம் கழிச்சு ஒண்ணு, ஆறாவது மாசம் ஒண்ணு. நீங்களே கூட்டிட்டு போய் போடுங்க, செலவும் உங்களோடதா இருக்கட்டும்.

வீட்டுப் பணியாளர் நலவாரியம்னு தமிழ்நாட்டுல 2007ல இருந்து இருக்கு, 18ல இருந்து 60 வயசுக்குள்ள பதியலாம், பிள்ளைங்க படிப்புக்கு உதவித்தொகை, 60க்கு மேல பென்ஷன் எல்லாம் அதுல வரும். அக்கா அதப் பத்தி கேள்விப்பட்டதே இல்ல. ஒரு நாள் லீவு போட்டுட்டு கூட போனேன், வேல பாக்குறதுக்கான சான்றுல கையெழுத்து போட்டேன். அமைப்புசாரா தொழிலாளர்களுக்கு மத்திய அரசு குடுக்கற இ-ஷ்ரம் கார்டும் போட்டாச்சு. தனியா போனா அலைய விடுவாங்கன்னு பயந்தே பாதி பேர் போறதில்ல, அதனால நீங்க கூட போங்க.

இன்னொண்ணு, கேக்க கூச்சமா இருந்தாலும் கேளுங்க, ராத்திரி எந்த ரூம்ல படுக்கறாங்க, அதுக்கு தாழ்ப்பாள் இருக்கா. முன்னாடி ஒரு வீட்ல நடந்தத அக்கா அம்மா கிட்டதான் சொன்னாங்க, ஏஜென்சில சொன்னதுக்கு "அட்ஜஸ்ட் பண்ணிக்கோ"ன்னுட்டாங்களாம். 2013 பாலியல் துன்புறுத்தல் சட்டத்துல வீடும் வேலை செய்யற இடம்தான், மாவட்டத்துல இருக்கற உள்ளூர் குழுல புகார் குடுக்கலாம்.

அப்பா ஒரு செவ்வாய்க்கிழம விடிகாலைல போயிட்டாரு. அக்காதான் கண்ண மூடி விட்டாங்க, வேட்டி மாத்துனாங்க, மூக்குல பஞ்சு வச்சாங்க. சாயங்காலம் சுடுகாட்டுல இருந்து வந்து குளிச்சுட்டு உக்காந்திருக்கேன், அவங்க போனுக்கு ஏஜென்சில இருந்து மெசேஜ், நாளைக்கு காலைல ஒன்பது மணிக்கு வேளச்சேரில ஜாயின் பண்ணணுமாம். அவங்க பைய எடுத்து துணிய மடிக்க ஆரம்பிச்சிட்டாங்க. நான் போன வாங்கி பேசி பத்து நாள் சம்பளத்தோட லீவுன்னு சொன்னேன், காச நான் கட்டிட்டேன். உங்க ஏஜென்சி அக்ரிமெண்ட்ட எடுத்துப் பாருங்க, லீவு பத்தி அதுல ஒரு வரியாவது இருக்கான்னு. இல்லன்னா அடுத்த மாசப் பணம் கட்டறதுக்கு முன்னாடி எழுதி வாங்கிருங்க.