உள்ளூர் ஆர்வக் குழுக்களை வைத்து ஒரு நகரத்தின் பண்பாட்டைக் காட்டும் வலைச் செயலி செய்ய முடியுமா?

முடியும். சென்னையையும் பெங்களூரையும் வைத்து அப்படி ஒன்றைப் பொழுதுபோக்காகச் செய்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். நிரல் எழுதுவது பெரிய வேலை இல்லை. லீஃப்லெட் என்ற இலவச நிரல் தொகுப்பை வைத்து, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடத்தின் மேல் புள்ளி குத்த யாருக்கும் வரும். எதை எண்ணுகிறோம், எப்படி எண்ணுகிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

எல்லாரும் முதலில் போகிற இடம் மீட்அப், ஒரே ஆர்வம் உள்ளவர்கள் குழுவாகச் சேர்ந்து நேரில் கூட உதவும் வலைத்தளம். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு நியூயார்க்கில் அக்கம்பக்கத்தார் ஒருவரோடு ஒருவர் பேச ஆரம்பித்ததைப் பார்த்து, ஸ்காட் ஹெய்ஃபர்மனும் கூட்டாளிகளும் 2002-இல் தொடங்கிய தளம். குழு, வகை, ஊர், உறுப்பினர் எண்ணிக்கை என்று எல்லாம் ஒழுங்காக இருக்கும். ஆனால் நம் நிரல் அந்தத் தரவை நேரடியாக எடுக்க உதவும் இலவச ஏபிஐ சாவியை 2019-லேயே நிறுத்திவிட்டார்கள். கட்டணக் கணக்கு இல்லாமல் வேலை ஆகாது.

தரவு கிடைத்ததும் வெறும் எண்ணிக்கையை வரைந்துவிடாதீர்கள். பெங்களூர், சென்னை, சான் பிரான்சிஸ்கோ, எங்கே பார்த்தாலும் டெக்னாலஜிதான் பெரிய வட்டமாக நிற்கும். பொருளாதாரப் புவியியலில் 'லொகேஷன் கோஷன்ட்' என்று ஒரு கணக்கு உண்டு, அதைப் போடுங்கள். எல்லா ஊரையும் சேர்த்தால் 100 குழுக்களில் 2 மலையேற்றம், உங்கள் ஊரில் மட்டும் 100-க்கு 5 என்றால் விடை 2.5. அந்த ஊருக்கு அதில் தனிப் பிரியம் என்று அர்த்தம். மொத்தமே பத்துப் பன்னிரண்டு குழு உள்ள ஊரில் ஒரே ஒரு செஸ் குழு இருந்தாலும் இந்த எண் எகிறிவிடும், அதனால் ஒரு குறைந்தபட்ச எண்ணிக்கை வையுங்கள். பெயருக்கு இருந்துகொண்டு மாதக்கணக்கில் கூடாத குழுக்களையும் கழித்துவிடுங்கள்.

சரி, இவ்வளவும் செய்த பிறகு சென்னை எப்படித் தெரியும்? ஓஎம்ஆர், அடையாறு, நுங்கம்பாக்கம் பக்கம் புள்ளி மயம், வடசென்னை கிட்டத்தட்ட வெறும் தாள். வியாசர்பாடி கால்பந்தும் தெருவுக்குத் தெரு இருக்கும் கேரம் கிளப்பும் எங்கே போயின? கட்டணம் கட்டிக் குழு நடத்தவேண்டிய தளத்துக்கு அவர்கள் எதற்கு வரப்போகிறார்கள்? ஒரு வாட்ஸ்அப் குழு போதும். ரசிகர் மன்றத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தலைவர், செயலாளர், பொருளாளர், பேனர், கோடையில் தண்ணீர்ப் பந்தல், ரத்த தானம் என்று இதைவிடக் கட்டுக்கோப்பான ஆர்வக் குழு உலகத்தில் எங்கே இருக்கிறது? மீட்அப்பில் அதற்கு ஒரு வகைகூடக் கிடையாது.

அதனால் கையால் சேர்த்த இரண்டாவது அடுக்கு ஒன்றை வேறு நிறத்தில் போட்டேன். 1900-இல் தொடங்கிய திருவல்லிக்கேணி பார்த்தசாரதி சுவாமி சபா, 1928-இல் வந்த மியூசிக் அகாடமி, 1978-இலிருந்து இருக்கும் மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி, 1988-இலிருந்து கடலாமை சீசனில் இரவுக் கடற்கரையில் முட்டை தேடி நடக்கிற மாணவர் அமைப்பு எல்லாம் அதில்தான் வந்தன. ஒவ்வொன்றுக்கும் தொடங்கிய ஆண்டைச் சேர்த்ததும் ஒரு காலக்கோடும் கிடைத்தது. பார்க்கிறவர்கள் வரைபடத்தைவிட அதிலேயே அதிக நேரம் நிற்கிறார்கள். இன்னும் எதுவும் கிடைக்காத பகுதிகளுக்குச் சாம்பல் நிறம் அடித்து 'தரவு இல்லை' என்று எழுதிவிட்டேன். பூஜ்யம் என்று போட்டால் அது பொய்.

அப்புறம், நிறையக் குழுக்கள் யாராவது ஒருவர் வீட்டில்தான் கூடும். பூங்கா, நூலகம் போன்ற பொது இடமாக இருந்தால் மட்டும் சரியான இடத்தில் புள்ளி வையுங்கள். மற்றதையெல்லாம் வார்டு அளவில் கூட்டிக் காட்டினால் போதும். சென்னை மாநகராட்சியில் 200 வார்டு இருப்பதால் படம் ஒன்றும் மங்கிவிடாது. பெங்களூருக்குக் கையால் சேர்க்க இன்னும் ஆள் கிடைக்கவில்லை, அதனால் இரண்டு ஊரையும் ஒப்பிடும் பக்கத்தில் இப்போதைக்கு மீட்அப் அடுக்கு மட்டும்தான் இருக்கிறது.