பாட்டியின் வாழ்க்கையை நூலாக்க… வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: 94 வயதில் மறைந்த எங்கள் பாட்டி, பல ஆண்டுகள் அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தவர். யார் வீட்டில் பிரசவம், சாவு என்றாலும் முதல் ஆளாகப் போய் நிற்பார். அவரைப் பற்றிச் சிறு நூல் ஒன்று கொண்டுவர ஆசை. எங்கே தொடங்குவது?

பதில்: வீட்டுக்கு வெளியே தொடங்குங்கள். இப்படிப்பட்டவரின் வாழ்வில் பாதிதான் குடும்பத்துக்குத் தெரியும். மீதி அவரிடம் படித்தவர்களிடமும் உதவிக்கு அவரோடு சேர்ந்து ஓடியவர்களிடமும் இருக்கிறது. அவர்களில் மூத்தவரை இந்த வாரமே போய்ப் பாருங்கள். பேரன் பேத்திகளிடம் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

“பாட்டி எப்படிப்பட்டவர்?” என்று கேட்டால் “தங்கமானவர்” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். வேலையைப் பற்றிக் கேளுங்கள். வகுப்பு எத்தனை மணிக்கு? எங்கே உட்கார்ந்தீர்கள்? பலகை, சாக்பீஸ் யார் செலவு? மழை வந்தால்? படிக்க அனுப்ப மறுத்த வீட்டில் பாட்டி என்ன பேசினார்? யாரோடாவது மனஸ்தாபம் வந்ததா? இந்தப் பதில்கள் சேர்ந்தால் ‘சேவை’ என்ற சொல்லையே எழுதத் தேவையிருக்காது.

ஒரு முறைக்கு 45 நிமிடம் போதும். களைத்துப்போன முதியவர் நீங்கள் சொல்வதற்கெல்லாம் “ஆமாம்” போடத் தொடங்கிவிடுவார். கைபேசியில் பதிவு செய்தால் விமானப் பயன்முறையில் வையுங்கள்; நடுவில் அழைப்பு வந்தால் பதிவு அறுந்துபோகக்கூடும். பேசுபவரிடமிருந்து ஒன்றரைச் சாண் தூரத்தில், மடித்த துணியின் மேல் வையுங்கள். வெறும் மேசையில் வைத்தால் கை படும் ஒவ்வொரு தட்டும் பதிவாகும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். தேதி, பேசுபவரின் பெயர், அச்சிட அவர் தரும் சம்மதம் மூன்றையும் முதலிலேயே பதிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: அத்தையின் பள்ளிச் சான்றிதழில் ஒரு பிறந்த தேதி, வீட்டில் சொல்வது வேறு. எதைப் போடுவது?

பதில்: இரண்டையும் போடுங்கள், எது எங்கிருந்து வந்தது என்ற குறிப்போடு. பள்ளியில் சேர்க்கும்போது வயதைக் கூட்டியோ குறைத்தோ சொல்வது பரவலாக இருந்த பழக்கம். சான்றிதழ் என்பதாலேயே அது சரியாகிவிடாது.

மற்ற நிகழ்ச்சிகளுக்கு ஆண்டு கேட்டால் பலருக்கு நினைவு வராது. “மூத்த மகன் பிறப்பதற்கு முன்பா, பின்பா? அப்போது எந்த வீட்டில் இருந்தீர்கள்?” என்று கேட்டால் வரும். ஆண்டு, நிகழ்ச்சி, சொன்னவர், சான்று என நான்கு பத்தி போட்ட ஒரே தாளில் எல்லாவற்றையும் எழுதிவாருங்கள். முரண்கள் தானே கண்ணில் படும். “முதன்முதலில் செய்தவர்” என்ற புகழ்ச்சியைச் சான்று இல்லாமல் அச்சிடவே வேண்டாம். கூட உழைத்த மற்றவர்களுக்கு அது அநீதி.

கேள்வி: பழைய படங்கள் ஆல்பத்தில் ஒட்டிக்கொண்டு வர மறுக்கின்றன.

பதில்: பிய்க்காதீர்கள். பசைத் தாள் ஆல்பமானால், மெழுகு பூசாத பல் இடுக்கு நூலை (டென்டல் ஃப்ளாஸ்) படத்துக்கு அடியில் விட்டு மெல்ல அறுப்பதுபோல் இழுத்துப் பாருங்கள். அசையவில்லையா, பக்கத்தோடு ஸ்கேன் செய்யுங்கள். சட்டக் கண்ணாடியில் ஒட்டியிருந்தால் கண்ணாடியோடுதான் ஸ்கேன் செய்ய வேண்டும். இழுத்தால் முகமே உரிந்து வந்துவிடும்.

ஸ்கேன் செய்யும்போது சாதாரண அளவுப் படத்துக்கு 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற கணக்கு), பாஸ்போர்ட் அளவுக்கு 1200. அச்சுக்கு 300 வேண்டும் என்பதால், 600-இல் எடுத்ததை இரு மடங்கு பெரிதாக்கினாலும் தெளிவு குறையாது. படத்தின் பின்புறம் பால்பாயின்ட் பேனாவால் எழுதினால் முன்பக்கம் தழும்பு விழும். மென்மையான பென்சிலால் ஓரத்தில் எழுதுங்கள். குழுப்படமென்றால் நகல் எடுத்து, தலைக்கு ஓர் எண் போட்டு, முதியவர்களிடம் காட்டிப் பெயர் கேளுங்கள். மறந்துபோன சம்பவங்கள் பெரும்பாலும் இந்த வேலையின்போதுதான் வெளிவரும்.

கேள்வி: அம்மா பலருக்குக் கட்டணம் கட்டி உதவியிருக்கிறார். அவர்கள் பெயரைச் சேர்க்கலாமா?

பதில்: அவர்களே முன்வந்து எழுதித் தந்தால் மட்டும். அம்மா வாய் திறக்காமல் செய்ததை நூல் அம்பலப்படுத்தக் கூடாது.

கேள்வி: அச்சுக்குக் கொடுக்கும்போது கவனிக்க வேண்டியவை?

பதில்: ஏ5 அளவில் (ஏ4 தாளில் பாதி) பக்கத்துக்கு ஏறத்தாழ 200 சொல் பிடிக்கும். நடுவில் பின் அடிக்கும் நூலானால் பக்க எண்ணிக்கை 4-ஆல் வகுபட வேண்டும். இல்லையேல் கடைசியில் வெற்றுப் பக்கம் நிற்கும். எந்தக் கணினியிலும் கைபேசியிலும் படிக்க வரும் பொது எழுத்துமுறையான யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். பழைய எழுத்துருவுக்கு மாற்றித்தான் பக்கம் அமைப்பார்கள் என்றால், மாற்றிய பின் இன்னொரு முறை மெய்ப்புப் பாருங்கள். கொம்பும் காலும் இடம்மாறுவது அங்கேதான். பெயர்களை மட்டும் தனியாகப் பட்டியலிட்டு, அந்த மனிதர்களை அறிந்த ஒருவரிடம் காட்டுங்கள். ஒலிப்பதிவுகளையும் படங்களையும் மூன்று பிரதியாக்கி, ஒன்றை வேறொரு வீட்டில் வையுங்கள்.