இந்தியக் கம்பெனி காரா, வெளிநாட்டுக் கம்பெனி காரா: எதை நம்பி வாங்கலாம்?

கேள்வி: டாடா, மஹிந்திரா கார்களைவிட ஜப்பான், கொரியா, ஐரோப்பியக் கம்பெனி கார்கள்தான் தொந்தரவு இல்லாமல் ஓடும் என்கிறார்களே, உண்மையா? கார் வைத்திருப்பவர்கள் சொந்த அனுபவத்தைச் சொல்லுங்கள். நான் இருப்பது திண்டுக்கல். மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடும்.

பதில்:

எங்கள் ஊர் நாமக்கல். வீட்டில் லாரித் தொழில். டயர், டீசல், எஃப்.சி., இன்ஷூரன்ஸ் என்ற பேச்சைக் கேட்டே வளர்ந்தவன். சொந்த உபயோகத்துக்கு 2007 முதல் மூன்று கார் பார்த்துவிட்டேன். முதலாவது ஓர் இந்தியக் கம்பெனியின் டீசல் கார். அடுத்தது ஐரோப்பியக் கம்பெனியுடையது. இப்போது இருப்பது ஜப்பான் கம்பெனியின் பெட்ரோல் கார். என்னுடைய ஒரு வண்டிக்கு நடந்ததை வைத்து ஒரு கம்பெனியையே எடைபோடுவது நியாயமில்லை என்பதால் மூன்றின் பெயரையும் விட்டுவிடுகிறேன்.

உங்கள் கேள்விக்கு என் பதில்: பாதி உண்மை. ஜப்பான், கொரியா கார்களின் நல்ல பெயர் சும்மா வந்ததில்லை. ஆனால் உங்களைப் போல மாவட்டத் தலைநகரில் இருப்பவர்களுக்கு, அந்த மாடல் வந்து எத்தனை வருடம் ஆகிறது, சாமான் எவ்வளவு தூரத்தில் கிடைக்கிறது, உள்ளூரில் கைவைக்கத் தெரிந்த ஆள் இருக்கிறாரா என்பவைதான் கம்பெனி எந்த நாட்டுக்காரனுடையது என்பதைவிடப் பெரிய விஷயம். இதை மூன்று காரும்தான் எனக்குப் புரியவைத்தன.

முதல் காரை ஏழு வருடம் வைத்திருந்தேன். விற்கும்போது 1,60,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. அதுவரை எஞ்சினைத் திறக்கவே இல்லை. நேரத்துக்கு ஆயில், ஃபில்டர், பெல்ட் மாற்றியதோடு சரி. கொல்லிமலையின் எழுபது வளைவுகளையும் ஆறு பேரோடு ஏறியிருக்கிறது. தொந்தரவெல்லாம் எஞ்சினுக்கு வெளியேதான். கதவுக் கைப்பிடி கையோடு வந்துவிடும், ஹாரன் மழையில் தானாக அடிக்கும், டேஷ்போர்டுக்குள் எங்கேயோ ஒரு கிறீச் சத்தம் கடைசிவரை கண்டுபிடிக்க முடியாமலேயே போனது.

ஓர் ஐப்பசி மாதம் பழனிக்குப் போய்க்கொண்டிருந்தோம். தாராபுரம் தாண்டியதும் நல்ல மழை. இடப்பக்கக் கண்ணாடி 'தட்' என்று கதவுக்குள் விழுந்துவிட்டது. மடியில் மகள், அவளுக்கு அப்போது இரண்டு வயது. மனைவி ஒரு பெட்ஷீட்டை ஜன்னல் முழுக்கப் பிடித்துக்கொண்டே பழனிவரை வந்தார். மறுநாள் எங்கள் மெக்கானிக் அண்ணன் கதவின் உட்பலகையைக் கழற்றிக் காட்டினார். கண்ணாடியைத் தூக்கும் ஒயரைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கிளிப் ஒன்று, கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும், இரண்டாக உடைந்திருந்தது. "இவ்வளவு பெரிய எஞ்சினை ஒழுங்கா பண்ணத் தெரிஞ்சவனுக்கு இதைப் பண்ணத் தெரியலயே தம்பி" என்று வருத்தப்பட்டார். பழைய சாமான் பெட்டியிலிருந்து ஓர் இரும்புத் தகடு எடுத்து வளைத்து, போல்ட் போட்டு இறுக்கினார். அரை மணி நேர வேலை. வண்டியை விற்கும்வரை அந்தக் கண்ணாடி விழவில்லை.

இரண்டாவது காரை நான் மிகவும் நேசித்தேன். கதவைச் சாத்தினால் வரும் கனமான சத்தம், நூறில் போகும்போது ரோட்டைக் கவ்விக்கொண்டு ஓடும் விதம், இரண்டுக்கும் ஈடு இல்லை. நான்கு வருடம் எந்தக் குறையும் இல்லை. ஐந்தாவது வருடம், பெங்களூரிலிருந்து இரவில் திரும்பும்போது காவேரிப்பட்டணம் அருகே டெம்பரேச்சர் முள் மேலே ஏறியது. ஓரம் கட்டி பானெட்டைத் தூக்கினால் கூலன்ட் வாசனை. பக்கத்தில் லாரி ஒர்க் ஷாப் வைத்திருந்தவர் டார்ச்சோடு வந்து பார்த்தார். எஞ்சின் சூட்டைக் கட்டுக்குள் வைக்கும் தெர்மோஸ்டாட்டைச் சுற்றியிருக்கும் கூடு முழுக்கப் பிளாஸ்டிக். அதில் முடி அளவு விரிசல். "இரும்பா இருந்தா வெல்டிங் வெச்சுத் தர்றேங்க. அலுமினியமா இருந்தாலும் ஏதாவது பண்ணலாம். இதை ஒட்டினா பத்து கிலோமீட்டர் தாங்காதுங்க" என்றார். மீட்பு வண்டியில் சேலம் போனது. அந்தச் சாமான் சேலத்தில் இல்லை, கோவையிலும் இல்லை. வந்து சேர 19 நாள் ஆனது. அந்த 19 நாளும் அப்பாவை டயாலிசிஸுக்கு வாடகைக் காரில்தான் கூட்டிப்போனேன். சாமானின் விலையைக்கூட நான் மறந்துவிட்டேன். அந்தக் காத்திருப்பை மறக்கவில்லை.

எது அதிகம் கெட்டது என்று எண்ணினால் முதல் காருக்குத்தான் கெட்ட பெயர். பதினைந்து முறையாவது ஏதாவது வந்திருக்கும். இரண்டாவது கார் கெட்டது ஒரே முறை. ஆனால் முதல் கார் ஒரு நாள்கூட வீட்டு வேலையைத் தடுத்ததில்லை. கார் வைத்திருப்பவர்கள் சொல்லும் கருத்துகளைப் படிக்கும்போது இதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒருவர் எண்ணிக்கையைச் சொல்வார், இன்னொருவர் வலியைச் சொல்வார். அமெரிக்காவில் ஜே.டி. பவர் என்ற ஆய்வு நிறுவனம் கார் வைத்திருப்பவர்களிடம் நடத்தும் கணக்கெடுப்பிலும் 100 வண்டிக்கு எத்தனை குறை என்றுதான் எண்ணுகிறார்கள். போன் புளூடூத்தில் சேராததும் ஒரு குறை, கியர் பாக்ஸ் போனதும் ஒரு குறை.

மூன்றாவது காரைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, அதுவே அதற்குப் பாராட்டு. 2019-இல் வாங்கினேன். ஒரு பேட்டரி, ஒரு செட் பிரேக் பேட், டயர், வைப்பர். அவ்வளவுதான்.

சரி, 'இந்தியா', 'வெளிநாடு' என்று நாம் போடும் கோடு எங்கே இருக்கிறது? 1981-இல் அரசு நிறுவனமாகத் தொடங்கிய மாருதி, 1983 டிசம்பரில் மாருதி 800-ஐ வெளியிட்டது. 2002-இல் சுசூகி அதில் பெரும்பான்மைப் பங்குதாரர் ஆனது. இன்றும் நம் ஊரில் பாதிப் பேர் அதை இந்தியக் கம்பெனி என்றே நினைக்கிறார்கள். ஹூண்டாய் கார் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் நம் பிள்ளைகள் கையில்தான் உருவாகிறது. உள்ளே போகும் பாகங்களோ இன்னும் கலப்பு. சென்னை பாடியில் லூகாஸ் டிவிஎஸ்ஸும் பிரேக்ஸ் இந்தியாவும் இருக்கின்றன. ஸ்டார்ட்டர் மோட்டாரும் பிரேக்கும் இந்திய பேட்ஜுக்கு ஒன்று, வெளிநாட்டு பேட்ஜுக்கு ஒன்று என்று தனித்தனி ஊரிலிருந்து வருவதில்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் ஃபியட்டின் 1.3 லிட்டர் மல்டிஜெட் டீசல் எஞ்சின். இத்தாலிக்காரர்கள் வடிவமைத்தது, இங்கேயே தயாரானது. மாருதி அதை ஸ்விஃப்ட்டில் டிடிஐஎஸ் என்ற பெயரில் போட்டது. டாடா இண்டிகா விஸ்டாவில் குவாட்ராஜெட் என்று போட்டது. ஃபியட்டே தன் புன்ட்டோவில் போட்டது. ஒரே எஞ்சின், மூன்று நாட்டுப் பெயர்ப்பலகை. புகை மாசைக் கட்டுப்படுத்தும் பிஎஸ்6 விதி 2020 ஏப்ரலில் வந்ததோடு அந்த எஞ்சின் இங்கே விடைபெற்றது. இப்போது ஊரில் கேட்டுப் பாருங்கள். "ஸ்விஃப்ட் டீசல் எஞ்சின் மாதிரி வராது" என்பார்கள். அதே ஆள் "ஃபியட்டா? வேண்டாங்க" என்பார். எஞ்சின் ஒன்றாக இருக்கும்போது அபிப்பிராயம் எப்படி இரண்டாகிறது? மாருதிக்குத் தாலுகா தோறும் சர்வீஸ் இருந்தது, ஸ்பேர் எந்த ஆட்டோமொபைல் கடையிலும் கிடைத்தது, ரீசேல் விலை நின்றது. என் தங்கை வீட்டு ஸ்விஃப்ட் டீசல் 2,10,000 கிலோமீட்டர் தாண்டி இன்னும் கரூர்–ஈரோடு ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த எஞ்சினைப் புகழும்போது நாம் இத்தாலியையும் சேர்த்துத்தான் புகழ்கிறோம்.

அப்படியானால் ஜப்பான் கார்களின் பெயர் எதனால்? என் கணிப்பில், அவர்கள் அவசரப்படாததால். டொயோட்டா இன்னோவா 2005-இல் வந்ததிலிருந்து 2016-இல் அதன் புது வடிவமான கிரிஸ்டா வரும்வரை அதே 2.5 லிட்டர் டீசல் எஞ்சினைத்தான் வைத்திருந்தார்கள். பதினோரு வருடத்தில் எது எங்கே தேயும் என்பது கம்பெனிக்கும் தெரியும், நாமக்கல் மெக்கானிக்குக்கும் தெரியும். மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடிய இன்னோவாவை எங்கள் ஊர் டிராவல்ஸ்காரர்கள் பெரிய விஷயமாகவே பேசமாட்டார்கள்.

நம் கம்பெனிகளின் கதை வேறு. டாடா இண்டிகா 1998 கடைசியில் வந்தது. நம் நாட்டுக் கம்பெனியின் சொந்தக் கார் என்று எவ்வளவு பெருமையாக இருந்தது! முதலில் வாங்கியவர்கள் நிறையக் குறை சொன்னார்கள். கம்பெனி கேட்டுத் திருத்தி 2001-இல் வி2 என்று கொண்டுவந்தது. அதன்பிறகு அதே வண்டி டாக்ஸி ஸ்டாண்டெல்லாம் நிறைந்தது. முதல் வருடம் வாங்கியவரும் நான்காம் வருடம் வாங்கியவரும் ஒரே பெயருள்ள காரைப் பற்றி நேர் எதிராகப் பேசுவார்கள், இருவரும் உண்மையே சொல்வார்கள்.

இன்றைக்கு அந்தப் புது மாடல் பிரச்சினை டேஷ்போர்டின் நடுவில் இருக்கும் தொடுதிரைக்கு மாறியிருக்கிறது. என் மைத்துனர் ஓர் இந்தியக் கம்பெனியின் புது எஸ்யூவி வாங்கினார், மாடல் வந்த மூன்றாம் மாதமே. எஞ்சின், சஸ்பென்ஷன், ஏசி எல்லாம் அருமை. ஆனால் எட்டு மாதத்தில் மூன்று முறை நடுத்திரை கறுத்துப்போனது. ரிவர்ஸ் கேமரா அதற்குள்தான். ஏசியைக் கூட்டவும் அதைத்தான் தொட வேண்டும். ஒவ்வொரு முறையும் சர்வீஸ் சென்டரில் சாஃப்ட்வேர் ஏற்றிக் கொடுத்தார்கள். எங்கள் மெக்கானிக் அண்ணன் இதில் கைவைக்க முடியாது. அவரிடம் இருப்பது ஸ்பேனர், இதற்கு வேண்டியது லேப்டாப். உள்நாட்டுக் காரின் பெரிய பலமே தெருமுனையில் சரியாகிவிடும் என்பதுதான். அந்தப் பலத்தை அவர்களே கைவிடுவதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஒன்றைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். பாதுகாப்பு வேறு, தொந்தரவு இல்லாமல் ஓடுவது வேறு. 2014-இல் கார்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் குளோபல் என்கேப் என்ற அமைப்பு முதல்முறையாக இந்தியாவில் விற்கும் கார்களை மோதிச் சோதித்தபோது ஆல்டோ 800, நானோ, ஐ10, ஃபிகோ, போலோ என ஐந்துமே, ஏர்பேக் இல்லாத அடிப்படை மாடல்கள், பெரியவர்கள் பாதுகாப்பில் பூஜ்ஜிய நட்சத்திரம்தான் வாங்கின. இந்தியா, ஜப்பான், கொரியா, அமெரிக்கா, ஜெர்மனி எல்லாம் ஒரே வரிசையில். பிறகு 2018-இல் இந்தியக் கார்களில் முதன்முதலாக ஐந்து நட்சத்திரம் வாங்கியது டாடா நெக்ஸான். பிள்ளைகளோடு நெடுஞ்சாலையில் போகிறவன் என்ற முறையில் எனக்கு அது ரொம்பப் பெரிய விஷயம். அந்த நட்சத்திரத்துக்காகக் கதவுக் கைப்பிடி இரண்டு முறை மாற்றவும் நான் தயார்.

அப்புறம், வெளிநாட்டுக் கம்பெனிக்கு மட்டும் உள்ள ஓர் அபாயம்: கிளம்பிப் போய்விடலாம். ஜெனரல் மோட்டார்ஸ் 2017 கடைசியோடு இங்கே விற்பதை நிறுத்தியது. 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பதை நிறுத்துவதாக அறிவித்தது. என் சித்தப்பா மகன் வைத்திருப்பது மறைமலைநகரில் செய்த எக்கோஸ்போர்ட். வண்டிமேல் இன்றுவரை ஒரு குறை சொன்னதில்லை, சர்வீஸும் நடக்கிறது. ஆனால் அந்த அறிவிப்பு வந்த வாரம் அவன் கேட்ட ரீசேல் விலை அவனைத் தூங்கவிடவில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மாதம் ஆயிரம் கிலோமீட்டருக்கு டீசல் தேவையில்லை, பெட்ரோல் போதும். மனதில் உள்ள மாடலை எழுதிக்கொண்டு திண்டுக்கல்லில் இரண்டு தனியார் ஒர்க் ஷாப்பிலும் ஓர் ஆட்டோமொபைல் கடையிலும் விசாரியுங்கள். ஷோரூமுக்கு அதற்குப் பிறகு போனால் போதும். கடையில் கேட்க வேண்டியவை: க்ளட்ச் செட், வாட்டர் பம்ப், பவர் விண்டோ மெஷின், ஹெட்லைட். கடைக்காரர் "நாளைக்கு வந்துடும்" என்றால் நல்லது. "ஆர்டர் போட்டாத்தான்" என்றால் எத்தனை நாள் என்று கேளுங்கள். ஜப்பான், கொரியா காரானால் கண்ணை மூடிக்கொண்டு இரண்டாம் வருடத்திலேயே வாங்கலாம். இந்தியக் கார் என்றால் மாடல் வந்து இரண்டு வருடமாவது ஆகட்டும், பெரிய திரை இல்லாத நடுத்தர வேரியன்ட்டே போதும். நான் அடுத்து வாங்கப்போவதும் அப்படியொரு இந்தியக் கார்தான். ஐரோப்பியக் கார் பிடித்திருந்தால், வீட்டில் இன்னொரு வண்டி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

எதை வாங்கினாலும் நீட்டித்த வாரண்டியை முதல் நாளே எடுத்துவிடுங்கள். எடுக்கும்போது எலக்ட்ரிக்கல், திரை, சென்சார் மூன்றும் அதில் அடங்குமா என்று தாளில் படித்துப் பாருங்கள். விற்பவர் வாயால் சொல்வதை வைத்து என் மைத்துனர் கையெழுத்துப் போட்டார். திரை அதில் இல்லை என்பது மூன்றாவது முறை கறுத்துப்போனபோதுதான் தெரிந்தது.