3 அடி கடல் தொட்டிக்கு வேவ்மேக்கர் வேண்டுமா? எதை வாங்கி எங்கே மாட்டுவது?

நாகர்கோவிலில் வீடு, மூன்றடி நீளத்தில் தொட்டி, அகலமும் உயரமும் ஒன்றரை அடி, கோமாளி மீன் ஒரு ஜோடி, கொஞ்சம் மென்பவளம் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் வேவ்மேக்கர், அதாவது தொட்டிக்குள் தண்ணீரைத் தள்ளி ஓட்டம் உண்டாக்கும் சின்ன மோட்டார், கண்டிப்பாக வேண்டும். ஆனால் யூடியூபில் தண்ணீர் மொத்தமும் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் சாய்ந்தாடுகிறதே, அதற்காக வாங்காதீர்கள். அது நம் கண்ணுக்கு விருந்து, அவ்வளவுதான்.

பவளம் இருக்கிற இடத்தைவிட்டு நகராது. இரையும் ஆக்சிஜனும் அதைத் தேடி வரவேண்டும், அது விடும் சளியும் கழிவும் அடித்துக்கொண்டு போகவேண்டும். இரண்டையும் செய்வது நீரோட்டம். முட்டம் பாறையில் நின்று பார்த்திருப்பீர்கள்: மோதித் திரும்பும் அலையோடு பின்னால் வருவது முட்டும், நடுவில் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று சொல்லவே முடியாது. தொட்டிக்குள் வேண்டியது அந்தக் குழப்பம்தான். ஒரே திசையில் ஓயாமல் பீய்ச்சினால் எதிரே இருக்கும் சோவாந்திட் (பூப்போல விரியும் சின்னப் பவள வகை) விரியாது, காளான் பவளம் பாறையிலிருந்து கழன்றே போய்விடும்.

உங்கள் தொட்டியில் விளிம்பு வரை சுமார் 190 லிட்டர் பிடிக்கும். பாறை, மணல் போக 150 என்று வைப்போம். மென்பவளத்துக்கு மணிக்கு அதைப்போல் 10 முதல் 20 மடங்கு ஓட்டம் என்பது வழக்கக் கணக்கு. ஆக 1500 முதல் 3000 லிட்டர். கல்பவளம் (சுண்ணாம்புக் கூடு கட்டும் வகை) வளர்ப்பவர்கள் 40 மடங்குக்கு மேலேயும் போவார்கள். நமக்கு அந்தப் பேச்சே வேண்டாம். கல்பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், காக்கப்படும் உயிரினமாக இருக்கிறது. ராமேஸ்வரம் பக்கம் கடலில் எடுத்த பாறை மலிவாகக் கிடைக்கும் என்று யாராவது ஆசை காட்டினாலும் ஒதுங்கிவிடுங்கள்.

பெரியது ஒன்றைவிடச் சின்னது இரண்டு மேல். மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு ஆழத்தில், இரு பக்கக் கண்ணாடியிலும் ஒன்றொன்று, மாறி மாறி ஓடும்படி. முகத்தைக் கொஞ்சம் மேலே திருப்பினால் தண்ணீரின் மேற்பரப்பு நெளியும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகவே நிற்கும் என்பதால் சித்திரை வெயிலில் இந்த நெளிவு மீனுக்கு ரொம்ப முக்கியம்.

மாட்டியபிறகு மீன் தீனியைப் பொடித்து ஒரு சிட்டிகை போட்டுப் பாருங்கள். தூள் எங்கே போய்ப் படிந்து கிடக்கிறதோ அங்கே ஓட்டம் இல்லை. மணல் பறந்து அடிக்கண்ணாடி தெரிந்தால் அங்கே ஓட்டம் அதிகம். லெதர் பவளம் (தோல்போல் இருக்கும் மென்பவளம்) இருந்தால் இன்னும் வசதி. அது அவ்வப்போது சுருங்கி, மேலே மெழுகுபோல் ஒரு தோலைக் கட்டிக்கொள்ளும். ஓட்டம் சரியாக இருந்தால் அந்தத் தோல் ஓரத்தில் கிழிந்து, படபடத்து, துண்டு துண்டாகப் பிய்ந்து போகும். அப்புறம் பவளத்தின் குட்டி விரல்கள் வெளியே வரும். தோல் சும்மா ஒட்டிக்கிடந்தால் வேவ்மேக்கரின் முனையை ஒரு விரல்கடை திருப்புங்கள், போதும்.

பல்ஸ் முறையில், அதாவது விட்டு விட்டு வேகத்தைக் கூட்டிக் குறைக்கும்போது ஒரு எச்சரிக்கை. மூன்றடித் தொட்டியில் தண்ணீர் ஒருமுறை போய்த் திரும்ப ஏறக்குறைய ஒரு நொடி. பல்ஸ் அந்தத் தாளத்தோடு பொருந்தினால் அலை ஏறிக்கொண்டே போகும். ஸ்டாண்டு ஆடும், சிலிக்கான் ஒட்டுக்கு ஓயாத இழுப்பு. என் யோசனை, அந்தத் தாளத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

கரண்ட் விஷயத்தையும் யோசியுங்கள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபிறகு நம் மாவட்டத்தில் பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. டிசி வகை வாங்கினால், பேட்டரியில் ஓடக்கூடிய மாடலா என்று கேட்டு வாங்குங்கள். சதுர அலை இன்வெர்ட்டரில் ஏசி மோட்டார் உறுமும், சூடாகும். ஒயரைப் பிளக்குக்குக் கீழே தொங்கவிட்டு மேலேற்றுங்கள். வழிந்து வரும் உப்புத் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். அந்த லைனில் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) இல்லையென்றால் வேவ்மேக்கருக்கு முன்னால் அதை வாங்குங்கள்.